சுண்ணாம்புக்குள் இருந்தவர்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் சுருக்கமாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. ரோடு போடுவதற்கு முன்னால், அந்த ரோடு போகப்போகிற வழியெல்லாம் நடந்து பார்ப்பது என் வேலை. பழைய காலத்து மிச்சம் ஏதாவது அங்கே இருக்கிறதா, இருந்தால் அதை என்ன செய்யலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பொக்லைன் வரும். வேங்கிக்காலில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் பாதிப்பேர் நான் ரோடு போடுகிறவள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் தெருவில் பள்ளம் விழுந்தால் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கம் சொன்னேன். இப்போதெல்லாம் "சொல்றேங்க" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு சாலையை அகலப்படுத்தி, நடுவில் ஓர் ஊரைச் சுற்றிக்கொண்டு பைபாஸ் போடத் திட்டம் வந்தபோது, அந்தப் பகுதியை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு அதில் சந்தோஷம். காலையில் கிளம்பிப் போய்விட்டு சாயங்காலம் வீட்டுச் சமையலுக்குத் திரும்பிவிடலாம். பௌர்ணமி அன்று மட்டும் வேலை வைத்துக்கொள்ள மாட்டேன். கிரிவலக் கூட்டத்தில் ஜீப் ஊரை விட்டு வெளியே போவதற்குள் மதியம் ஆகிவிடும், எனக்கோ பசி பொறுக்காது. பசித்தால் எனக்குக் கோபம் வரும் என்பது எங்கள் ஜீப் டிரைவருக்கு நன்றாகத் தெரியும். அவர் எப்போதும் டேஷ்போர்டில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வைத்திருப்பார். என் குரல் கொஞ்சம் ஏறினால் ஒன்றும் பேசாமல் அதை எடுத்து நீட்டுவார்.

மல்லாட்டை பிடுங்கி முடித்த நேரம் அது. வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். பிடுங்கிய மானாவாரிக் கொல்லையில் மண் புதிதாகப் புரண்டு கிடக்கும். என் மாதிரி ஆட்களுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. ரோட்டுக்காக நட்டு மஞ்சள் பெயின்ட் அடித்த அளவைக் கற்களை ஒட்டியே, தலையைக் குனிந்தபடி நடந்துகொண்டே இருக்க வேண்டும். உள்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமாகச் சின்னச் சின்னப் பானை ஓடுகள் கண்ணில் படும். எடுத்துத் துடைத்து, எங்கே கிடைத்தது என்று குறித்து, பையில் போட்டுக்கொள்வேன். கொல்லையில் வேலை செய்கிறவர்கள் நான் எதைத் தொலைத்துவிட்டேன் என்று அனுதாபத்தோடு விசாரிப்பார்கள். ஓட்டைக் காட்டினால் அனுதாபம் இன்னும் ஜாஸ்தியாகிவிடும்.

அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில்தான் அவரைப் பார்த்தேன். கொல்லை வரப்பின் மூலையில், ஒரு வேப்பமரத்தடியில், என் மார்பு உயரத்துக்கு ஒரு கல். வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு ஏறி ஏறி, கல்லின் விளிம்பே தெரியாமல் பருத்திருந்தது. அதன் மேல் எண்ணெய், மஞ்சள், குங்குமம், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் விபூதிப் பட்டை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு தோள் தெரிந்தது. வில்லாக இருக்கலாம் என்று சொல்லத்தக்க ஒரு வளைவும் தெரிந்தது. நடுகல். ஓட்டுப் பையை அங்கேயே போட்டுவிட்டுக் கிட்டத்தட்ட ஓடினேன். எத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தாலும் அது மட்டும் மாறவில்லை.

கிட்டப் போய்க் கையை நீட்டியபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தொடாதீங்க மேடம். அவரு வேடியப்பன்."

என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண். தலையில் துண்டு, கையில் மண்வெட்டி. அந்தக் கொல்லைக்குச் சொந்தக்காரர். வேடியப்பன் அவர்கள் பங்காளிகள் எல்லோருக்கும் குலசாமி. பாகம் பிரித்தபோது சாமி நிற்கிற துண்டு இவர் வீட்டுக்காரர் பங்குக்கு வந்ததால், விளக்கேற்றுகிற பொறுப்பு இவருடையதாகிவிட்டது. ஆடி மாதம் வெளியூரிலிருக்கும் பங்காளிகள் எல்லாம் வேன் வைத்துக்கொண்டு வந்து பொங்கல் வைப்பார்கள். பூசை செய்வது இவருடைய கொழுந்தன். இதையெல்லாம் மண்வெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். இந்தப் பக்கம் ஒரு மஞ்சள் கல், அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் கல். வேடியப்பன் சரியாக நடுவில் நின்றுகொண்டிருந்தார். பைபாஸ் அவர் மேலேதான் போகப்போகிறது. அது அந்த அக்காவுக்கும் தெரிந்திருந்தது. ஏற்கனவே வந்த என்ஜினியர், எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினால் கிரேன் வைத்துத் தூக்கி வைத்துக் கொடுக்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கொல்லையின் மறுகோடியில் மேடான ஓர் இடத்தைப் பார்த்தும் வைத்திருந்தார்கள். சாமி நகர்வதில் அவர்களுக்கு வருத்தம் இருந்தாலும், அதே கொல்லைக்குள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் பயம் என்னைப் பார்த்துத்தான்.

பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து இதே மாதிரி ஒரு கல் மியூசியத்துக்குப் போயிருக்கிறது. அங்கே பூசை நின்று போய்ப் பல காலமாகி, கல் குப்புறக் கிடந்தது. அதனால் கொண்டு போனார்கள். அந்த ஊரில் பெண் எடுத்த வகையில் இவர் ஒருமுறை மியூசியத்துக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வெறும் கல்லாக, ஒரு பொட்டுகூட இல்லாமல், பக்கத்தில் ஒரு போர்டோடு நின்றுகொண்டிருந்ததாம். ஒரு சூடம் ஏற்றவும் விடவில்லையாம்.

"எழுத்து இருந்தா எடுத்துனு போயிடுவீங்களாமே, மெய்தானா?" என்று கேட்டார்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலைதான் என் மேலதிகாரி போனில் அதையேதான் சொல்லியிருந்தார். நல்ல எழுத்துள்ள கல் எது கிடைத்தாலும் மியூசியத்துக்குப் பார்க்கலாம் என்றார். முடிவு அவருடையது, ஆனால் என்ன செய்யலாம் என்று முதலில் எழுதுகிறவள் நான். எழுத்து இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் எழுதவும் முடியாது. அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப சுண்ணாம்பு அப்டியே இருக்கட்டும்" என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. டிரைவர் பிஸ்கட்டை நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன். கண்ணுக்கு முன்னால் ஒரு நடுகல் நிற்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எப்படித் தூங்குவது? டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவருக்கும் வேடியப்பன்தான் குலசாமி என்றும், யாராவது வந்து அவருடைய சாமியைச் சுரண்டினால் அவருக்கும் கோபம் வரும் என்றும் சொன்னார். அவ்வளவு நாள் என்னோடு ஜீப்பில் வந்த மனிதர். அன்றுதான் எனக்கு அது தெரிந்தது.

அதற்குப் பிறகும் நான் அந்தப் பக்கம் போய்க்கொண்டுதான் இருந்தேன். மற்றக் கொல்லைகளில் வேலை இருந்தது. மதியம் சாப்பிட நிழல் வேண்டுமென்றால் அந்த வேப்பமரம்தான் கிட்டத்தில். டிபன் பாக்ஸைப் பிரித்தால் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். என் சாம்பாரில் உப்பு கம்மி என்பார். அவருடைய குழம்பில் காரம் என் காது வரைக்கும் ஏறும். அவருடைய மகள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள், என் மகன் காலேஜில் படிக்கிறான், இரண்டு பேருமே போன் எடுப்பதில்லை. பேசுவதற்கு வேறென்ன வேண்டும்? மேடம் போய்த் தங்கச்சி ஆனேன். சுண்ணாம்பு பற்றி மட்டும் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. வேடியப்பன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போர்த்திக்கொண்டு நின்றார்.

சாமியை இடம் மாற்றுகிற நாள் வந்தது. பங்காளிகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். கிரேனும் வந்து ரோட்டோரம் நின்றது. என்ஜினியர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரமாக நின்றார். எல்லோருக்கும் நடைமுறை தெரிந்திருந்தது. சாமி நிற்கிற கல்லைத் தூக்க முடியாது. முதலில் சாமியைக் கல்லிலிருந்து ஒரு கலசத்துத் தண்ணீரில் இறக்க வேண்டும். கல்லைப் புது இடத்தில் நிறுத்திய பிறகு, அந்தத் தண்ணீரைக் கல் மேல் ஊற்றினால் சாமி திரும்பவும் குடியேறுவார். கோயில் திருப்பணி நடக்கிற இடங்களில் ஐயர்கள் செய்வதையே இவர்கள் தங்கள் வழியில் செய்தார்கள். ஆனால் எதற்கும் முதலில் அவரிடம் உத்தரவு கேட்க வேண்டும். அதற்குப் பூப்போட்டுப் பார்ப்பார்கள். கல்லின் உச்சியில் பூவைத் தண்ணீர் தொட்டு ஒட்டி வைத்துவிட்டுக் கேட்பது. வலது பக்கம் விழுந்தால் சம்மதம். இடது பக்கம் விழுந்தால் வந்தவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

கொழுந்தன் செவ்வரளிப் பூவை ஒட்டி வைத்துவிட்டு, புது இடத்துக்கு வர உத்தரவு கொடு என்று கேட்டார். பூ அசையவில்லை. பம்பை அடித்தார்கள். அசையவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. கிரேன் ஆபரேட்டர் இறங்கி வந்து கூட்டத்தில் நின்று கும்பிட ஆரம்பித்தார். டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். நான் சாமி கும்பிடுவேன், ஆனால் பூவுக்கும் ஈரப்பசைக்கும் உள்ள கணக்கும் எனக்குத் தெரியும். இருந்தாலும், "விழு சாமி, வலது பக்கமா விழு" என்று என் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்ததை நானே தாமதமாகத்தான் கவனித்தேன். கடைசியில் பூ மெல்லச் சரிந்து வலது தோளில் விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். என்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கலசத்தை எடுக்கப் போனபோது அக்கா முன்னால் வந்தார். இன்னொரு பூ வை என்றார். கொழுந்தனுக்கு ஏனென்று புரியவில்லை. வைத்தார். அக்கா கல்லைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார்:

"இந்தப் பொண்ணு உன்னைக் கழுவிப் பாக்கணும்னு ஆசைப்படுது. உனக்கு இஷ்டம்னா சொல்லு. இல்லனா நான் உட மாட்டேன்."

கேட்டு முடித்துக் கையை இறக்குவதற்குள் பூ வலது பக்கம் விழுந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

சாமியைக் கலசத்தில் இறக்கி, வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தார்கள். வெயில் படாமலிருக்க ஒருவர் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கல்லைச் சுற்றி நின்ற கூட்டம் அப்படியே கலசத்தின் பக்கம் திரும்பிவிட்டது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் யாரும் தொடக்கூடாததாக இருந்த கல்லின் மேல் இப்போது ஒருவர் துண்டைக் கழற்றிப் போட்டார்.

"இப்ப அது கல்லுதான். நீ இன்னா செய்யணுமோ செஞ்சிக்கோ" என்றார் அக்கா. சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரும் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

தண்ணீர் ஊற்றி ஊற்றி ஊறவைத்தோம். மூங்கில் பட்டையால் மெல்லத் தட்டியதும் சுண்ணாம்பு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வந்தது. இரும்புப் பிரஷ் பக்கம் போகவே கூடாது என்று நான் சொன்னதற்கு, குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியாதவளா நான் என்று அக்கா முறைத்தார். முதலில் கொண்டை வந்தது. பிறகு வில், இடையில் சொருகிய கத்தி, முன்னால் வைத்த ஒரு கால். அந்தக் காலருகில் ஒரு சாண் அளவுக்கு ஒரு மாடு, தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே மாடு இருப்பது பங்காளிகளில் ஒருவருக்கும் தெரியாது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் மாட்டைத்தான் முதலில் தொட்டார்கள்.

தலைக்கு மேலே எழுத்து இருந்தது. வட்டெழுத்து. வரிகள் நேற்று வெட்டியது மாதிரி இருந்தன. காற்றும் மழையும் படாமல் சுண்ணாம்பு அவற்றை அப்படியே வைத்திருந்தது. ஈரக் காகிதத்தை மேலே ஒட்டி, தட்டி, மை ஒற்றிப் படி எடுத்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதற்காகப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். எழுத்து இருக்கிறது. இனி அவர் இங்கே இருப்பாரா, போய்விடுவாரா?

மைப்படியை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதலில் ராஜாவின் பெயரும் அவர் ஆட்சி வருஷமும். அடுத்த வரியில் ஊர்ப் பெயர். அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. மறுபடி படித்தேன். ரோட்டில் பஸ் ஸ்டாப்பிங் போர்டில் எழுதியிருக்கிறதே, அதே பெயர். ஓர் எழுத்துகூட மாறவில்லை. இந்த ஊர் மாடுகளை எதிரிகள் ஓட்டிக்கொண்டு போனபோது, போய் மீட்டுக்கொண்டு வந்து செத்துப்போனவருக்காக எடுத்த கல் இது என்று எழுதியிருந்தது. சத்தமாகச் சொன்னேன். கலசத்தைச் சுற்றி நின்றவர்களும் வந்துவிட்டார்கள். திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். குடை பிடித்துக்கொண்டிருந்தவருக்கு நகர முடியாததால் அவருக்காகச் சத்தமாக இன்னொரு முறை சொன்னேன்.

அக்கா ஈரக் கையால் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நம்ம மாட்டுக்காகவா செத்தாரு" என்றார்.

அங்கேயே வரப்பில் நின்று மேலதிகாரிக்குப் போன் போட்டேன். எழுத்து இருக்கிறது என்றதும் அவர் குரல் பிரகாசமாகிவிட்டது. அதில் என்ன இருக்கிறது என்றும் சொன்னேன். பூசையில் இருக்கிற கல், ஊரோடு இருக்கட்டும், இந்த எல்லைக்குள்ளேயே நிறுத்தலாம் என்று எழுதப்போகிறேன் என்றேன். அவர் தயங்கினார். பாதுகாப்பு, ஆராய்ச்சி, மாணவர்கள் என்று இழுத்தார். எனக்குப் பசி வேறு.

"அவர் எந்த ஊருக்காரர்னு கல்லுலயே எழுதி வெச்சிருக்காங்க சார். அதைத் தூக்கினு போய் வேற ஊர்ல நிறுத்தினா, நம்மதான் சார் இப்ப மாட்டை ஓட்டினு போக வந்தவங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். மைப்படியும் போட்டோக்களும் தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். டிரைவர் பிஸ்கட்டை நீட்டினார். முழுப் பாக்கெட்டையும் தின்றேன்.

அடுத்த வருஷம் ஆடிப் பொங்கலுக்கு அக்கா கூப்பிட்டிருந்தார். பைபாஸ் போட்டு முடித்து வண்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. ஸ்கூட்டியில் போனேன். புது மேட்டில், புதுச் சிமென்ட் திட்டு மேல் வேடியப்பன் தூரத்திலிருந்தே வெள்ளையாகத் தெரிந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். தலைமுதல் கால்வரை கெட்டியாகச் சுண்ணாம்பு. எழுத்து இல்லை, வில் இல்லை, மாடு இல்லை. அக்கா ஒரு பக்கெட்டும் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையுமாக நின்றுகொண்டிருந்தார். அடித்தது போதாதென்று இரண்டாவது பூச்சு ஆரம்பித்திருந்தார்.

என் குரல் ஏறிவிட்டது. அவ்வளவு பாடுபட்டுக் கழுவியது எதற்கு, எப்பேர்ப்பட்ட எழுத்து, ஊருக்கே பெருமை இல்லையா, இப்படி மூடினால் யார் பார்ப்பது என்று பொரிந்து தள்ளினேன். கையில் பிஸ்கட் கொடுக்க டிரைவரும் பக்கத்தில் இல்லை. அக்கா பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னார்:

"ரோடு வந்ததுல இருந்து கார்ல போறவங்க எல்லாம் நின்னு நின்னு பாக்குறாங்க. வெலைக்குக் கிடைக்குமானு ஒருத்தன் கேக்குறான். எழுத்து தெரிஞ்சாதானே கேக்குறான்? இப்ப பாரு, ஒருத்தனும் நிக்கல."

ரோட்டைப் பார்த்தேன். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றும் நிற்கவில்லை. இத்தனை நூறு வருஷமாக அந்த எழுத்தைக் காப்பாற்றியது எது என்று நானே என் அறிக்கையில் ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். அதை அவரிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. சொன்னேன். அவர் அதற்காக ஒன்றும் ஆச்சரியப்படவில்லை.

"அதுல இன்னா இருக்குனுதான் நமக்குத் தெரிஞ்சு போச்சே" என்றார். "உனக்குத் திரும்பப் பாக்கணும்னு இருந்தா சொல்லி அனுப்பு. பூ போட்டுக் கேட்டுட்டு, கலசத்துல எறக்கிட்டுக் கழுவிக்கலாம்."

மட்டையை என்னிடம் நீட்டினார். கீழே குனிய அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறதாம். நான் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். முதல் பூச்சின் வழியாக மாட்டின் முதுகு லேசாக மேடு தட்டித் தெரிந்தது. சுண்ணாம்பைத் தொட்டு, அந்த இடத்தில் நன்றாகக் கெட்டியாக அடித்தேன்.